களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் வந்து கேளுங்கள்

களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் எங்கள் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் நீண்டகால வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பின்வரிசையில், சுவர் ஓரம். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு மைக் என் கைக்கு வந்தது. மார்த்தாண்டத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். மேடையில் இருந்த ஒருவர் கோபப்படவில்லை, மரியாதையாகவே சொன்னார்: "அது வேறே ஸ்டேட் அல்லே சேட்டா, இது இவிடத்துகார்க்குள்ள மீட்டிங்காணு." இங்குள்ளவர்களுக்கான கூட்டம் இது என்று அர்த்தம். மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. நான் சொல்ல வந்ததை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். குறை தீர்க்கச் சொல்லி மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும், நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்வதாக என் மகள் படித்துக் காட்டினாள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். 2003இலிருந்து ஓட்டுகிறேன். முதலில் அம்பாசடர், இப்போது ஏழு பேர் உட்காரும் வண்டி. வாரத்துக்கு மூன்று நான்கு சவாரி விமான நிலையத்துக்குத்தான். அந்த வளாகத்தின் எந்த வளைவில் மழைத் தண்ணீர் தேங்கும், எந்த இடத்தில் விளக்கு எரியாது, விடியற்காலை நாலு மணிக்கு டீ எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் வண்டியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்காரர்கள். மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரயுமன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று வரிசையாக இருக்கும் மீனவ ஊர்க்காரர்கள். அரபு நாட்டில் கொத்தனார் வேலைக்கும், விசைப்படகு வேலைக்கும் போகிற ஆண்கள். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள். ரப்பர் பால்வெட்டி மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய அப்பாக்கள். இவர்களுக்கு வேறு விமான நிலையம் கிடையாது. மார்த்தாண்டத்திலிருந்து உங்கள் வாசலுக்குச் சுமார் 45 கிலோமீட்டர். எங்கள் மாநிலத்துக்குள்ளேயே போக வேண்டுமென்றால் தூத்துக்குடி சுமார் 140 கிலோமீட்டர், அங்கிருந்து வளைகுடாவுக்கு விமானம் இல்லை. மதுரை 250 கிலோமீட்டருக்கு மேல்.

வேறு ஸ்டேட் என்று சொன்னீர்கள். சரி, வேறு ஸ்டேட்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கு தாலுகாவும் தமிழகத்தோடு சேர்ந்தன. மொழிக்காக எங்கள் பெரியவர்கள் அடிபட்டு, உயிர் கொடுத்து வாங்கிய இணைப்பு அது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே, 1930களில், அந்த ஓடுபாதைக்கு இடம் பார்த்தபோது நாங்களும் அதே திருவிதாங்கூர் ராஜ்யத்துக் குடிகள். என் தாத்தா வரி கட்டியது அந்த கஜானாவுக்கு. கோடு மாறியதே தவிர, ஆஸ்பத்திரிக்கும் மீன் சந்தைக்கும் விமானத்துக்கும் நாங்கள் போகிற வழி மாறவில்லை.

உங்கள் கூட்டம் நடக்கப் போவதே எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. களியக்காவிளையில் ஒரு டீக்கடையில் மலையாளப் பத்திரிகை கிடந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதில் அறிவிப்பைப் பார்த்தேன். எங்கள் பக்கம் வருகிற தமிழ்ப் பத்திரிகை எதிலும் என் கண்ணில் அது படவில்லை. எங்கள் ஸ்டாண்டில் பதினாறு வண்டி நிற்கிறது, ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் திட்ட அறிக்கை. முழுசாக ஆங்கிலம், சுருக்கம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து மகள் எனக்கு வாசித்தாள். முனையம் எத்தனை சதுர மீட்டர், எத்தனை விமானம் நிறுத்தலாம், கடைகளுக்கு எவ்வளவு இடம் எல்லாம் இருந்தது. எங்கள் மாவட்டத்தின் பெயர் ஒரு வரைபடத்தின் ஓரத்தில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

விதிகளையும் தேடிப் பார்த்தேன். 2006 செப்டம்பர் 14ஆம் தேதி வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இந்த மாதிரிக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று விவரமாக இருக்கிறது. குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிக்க வேண்டும். பத்திரிகை வராத இடத்தில் தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டும். கலெக்டரோ, அவர் சார்பில் கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத ஒருவரோ தலைமை தாங்க வேண்டும். நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும். பேசியதைத் தொகுத்துக் கடைசியில் உள்ளூர் மொழியில் கூட்டத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இவ்வளவும் நல்ல விதிகள். தண்டோரா என்று எழுதியவர் பத்திரிகை படிக்காத ஒருவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கூட்டம் திட்டம் அமையும் இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ, அந்த மாவட்டத்தில்தான் நடக்கும். பக்கத்து மாவட்டம் அடுத்த மாநிலத்தில் இருந்தால் என்ன செய்வது என்று அதில் நான் எதையும் பார்க்கவில்லை. எங்களைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். கூப்பிடக் கூடாது என்றும் எங்கும் எழுதவில்லை.

காசு விஷயத்தில் எல்லைக்கோடு இல்லை. 2024 ஜூலை முதல் நம் விமான நிலையத்தில் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் உயர்ந்தது. வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவருக்கு 1,069 ரூபாயாக இருந்தது 1,540 ஆனது. அதுவரை புறப்படுகிறவரிடம் மட்டும் வாங்கினார்கள், இப்போது வந்து இறங்குகிறவரிடமும் வாங்குகிறார்கள். டிக்கெட்டோடு சேர்ந்தே போய்விடுவதால் எங்கள் ஆட்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. விமான நிலையத்தை விரிவாக்கும் செலவு கடைசியில் இந்த வழியாகத்தான் பயணியின் தலையில் வருகிறது. இந்தக் கட்டணத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை தீர்மானிக்கும் ஒழுங்குமுறை ஆணையமும் சம்பந்தப்பட்ட எல்லோரையும் கலந்து, வெளிப்படையாக முடிவெடுக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டப்படி பயணிகள் சார்பில் பேச வேண்டுமென்றால், அவர்களைப் பிரதிநிதிப்படுத்துவதாக ஆணையம் கருதும் சங்கம் இருக்க வேண்டும். நீரோடியிலிருந்து படகு வேலைக்குப் போகிறவனுக்கு விமானப் பயணிகள் சங்கம் எங்கே இருக்கிறது? அவன் கொடுக்கும் கட்டணமும் அடுத்தவர் கொடுக்கும் கட்டணமும் ஒன்றுதான். பேசும்போது மட்டும் அவன் வேறு ஸ்டேட்.

இனி இரவைப் பற்றி. எனக்கு இதுதான் முக்கியம்.

வளைகுடாவிலிருந்து வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் இறங்கும். பெட்டியெல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்கள் வெளியே வர இரண்டரை, மூன்று மணி ஆகிவிடும். அந்நேரம் எல்லைக்கு இந்தப் பக்கம் வர நேரடிப் பஸ் கிடையாது. வண்டி பிடிக்க வசதி உள்ளவர் என்னை மாதிரி ஒருவருக்கு முன்கூட்டியே போன் செய்வார். நான் இரவுச் சவாரிக்கு 1,800 ரூபாய் வாங்குகிறேன். அது ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் கூலி என்று எனக்கும் தெரியும். டீசல், போகவர டிரிப், காத்திருக்கும் நேரம், பார்க்கிங் கட்டணம் எல்லாம் போக அதற்குக் கீழே கட்டாது. வசதி இல்லாதவர் விடிகிற வரை வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருப்பார். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே தூங்குவார். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வருகிறவர், வீட்டிலிருந்து 50 கிலோமீட்டர் தூரத்தில் வந்து இரண்டு மூன்று மணி நேரம் தரையில் கிடப்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். சில நாள் என் வண்டியில் இடம் இருந்தால் சும்மாவே ஏற்றிக்கொண்டு வருவேன். எல்லா நாளும் இடம் இருக்காது.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. அந்தக் கடலோர ஊர்களில் வீட்டுக்கு வீடு அழுகை. அதற்கு அப்புறம் தூத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் முன்பைவிட அதிகமாக என் வண்டியில் விமான நிலையத்துக்கு ஏறினார்கள். "கடலுக்கு இனி அனுப்ப மாட்டேன் அண்ணே, எங்கயாவது போய்ப் பிழைக்கட்டும்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. போனவர்களில் சிலர் நடந்து திரும்பவில்லை.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு மீனவ ஊரிலிருந்து ஒரு பெரியவரையும் அவர் தம்பியையும் சரக்கு முனையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவரின் மகன் வெளிநாட்டில் வேலைசெய்த இடத்தில் இறந்துபோனான். வயது 34. உடலைக் கொண்டு வருகிறார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது. அதிகாலை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் என்று எல்லாக் காகிதமும் வந்திருந்தது. ஒரு காகிதத்தில் மட்டும் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கினார். பெரியவருக்கு இரண்டும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து, "தம்பி, என்ன சொல்றாவ? புள்ளைய தரமாட்டாவளா?" என்று கேட்டார். எனக்கும் அந்த அலுவலக மலையாளம் பாதிதான் புரிந்தது. உட்கார ஒரு பெஞ்ச் இல்லை. கழிப்பறைக்கு எங்கே போவது என்று கேட்டால் பாசஞ்சர் முனையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே உள்ளே நுழைய டிக்கெட் வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. பெரியவரை வண்டிக்குள் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றார். பதினோரு மணிக்குத்தான் பெட்டி கைக்கு வந்தது.

அங்கே வேலை செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர்தான் கடைசியில் போன் போட்டு வேலையை முடித்துக் கொடுத்தார். ஆனால் மகனின் உடலை வாங்க வரும் தகப்பன் ஒருவன் அந்த வாசலில் நிற்பான் என்பதை நினைத்து அந்த இடத்தை யாரும் கட்டவில்லை. இப்போது நீங்கள் வரும் இருபது ஆண்டுக்குத் திட்டம் போடுகிறீர்கள். சரக்கு முனையத்தைப் பெரிதாக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. தோவாளைப் பூவும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மட்டி வாழைப்பழமும், எங்கள் கடல் மீனும் அந்த வழியாகப் போகட்டும். அதே இடத்துக்குத்தான் சவப்பெட்டியும் வரும். அதற்காக ஓர் அறை உண்டா என்று மகளை இரண்டு முறை தேடச் சொன்னேன். அவள் பார்த்த பக்கங்களில் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் முதலில் பேசியவர்கள் ஓடுபாதைச் சுவருக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள். இருக்கிற நாலு சென்ட்டும் போய்விடுமோ என்று ஓர் அம்மா அழுதார். இரவில் குழந்தை தூங்குவதில்லை என்று இன்னொருவர் சொன்னார். அவர்கள் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் நேரத்தில் ஒரு நிமிடம்கூட எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கென்று வேறொரு நாள் கேட்கிறேன்.

எல்லை தாண்டி ஒரு காரியம் நடத்துவது நம் இரண்டு பக்கத்துக்கும் புதிதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் கிளம்பி, களியக்காவிளையில் எல்லை கடக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் போலீஸ் வழியனுப்ப, அந்தப் பக்கத்துப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் மாவட்டத்து மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம் இருக்கிறது. இத்தனை வருடமாக அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் சுவாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் கடலுக்குப் போக ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடுகிறீர்கள். விமானங்களின் நேரத்தை மாற்றி, முன்கூட்டியே உலகத்துக்கே அறிவிக்கிறீர்கள். அந்த வழக்கத்தைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நான் பயணிகளிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. மக்களின் ஒரு வழக்கத்துக்காக ஓடுபாதையையே நிறுத்த முடிகிற உங்களால், 45 கிலோமீட்டர் வந்து ஒரு நாள் உட்கார்ந்து கேட்கவும் முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

மொழிக்கும் உங்கள் பக்கத்திலேயே வழி இருக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வரும் என்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் புதிய வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு சுருக்கத்தைத் தமிழில் போடச் சொல்வது பெரிய கோரிக்கை ஆகாது.

நான் கேட்பது இவைதான்.

திட்டத்தை இறுதி செய்வதற்கு முன்னால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு கூட்டம் நடத்துங்கள். ஒன்று குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ. இன்னொன்று தூத்தூர்ப் பக்கத்துக் கடலோரத்தில், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகு வையுங்கள். அன்றுதான் ஆண்கள் கரையில் இருப்பார்கள். 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழ்களில் அறிவியுங்கள், கடலோர ஊர்க் கோயில்களில் வாசிக்கக் கொடுங்கள். எங்கள் கலெக்டர் அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வரட்டும். பேசியதைத் தமிழில் எழுதி, தமிழிலேயே வாசித்துக் காட்டி, உங்கள் பதிலோடு அறிக்கையில் சேருங்கள். அதுவரை கருத்துச் சொல்லும் கடைசித் தேதியைத் தள்ளி வையுங்கள்.

அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வெளியிடுங்கள். வருகிற போகிற பயணிகளில் எத்தனை பேர் எங்கள் மாவட்டத்தவர் என்று கணக்கெடுத்துச் சொல்லுங்கள். இதுவரை அப்படி ஒரு எண்ணை நான் எங்கும் பார்க்கவில்லை.

இரவில் இறங்குகிறவர்களுக்கு, டிக்கெட் கேட்காமல் உட்காரவும் படுக்கவும் ஒரு கூடம் திட்டத்தில் இருக்க வேண்டும். அங்கேயே பஸ் நிற்க இடம் வேண்டும். விமான நேரத்தைப் பார்த்துக் களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவிலுக்கு இரவு இரண்டு பஸ்ஸாவது விட, இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களோடும் நீங்கள் பேச வேண்டும். பஸ் வந்தால் என் சவாரி குறையும். குறையட்டும்.

சரக்கு முனையத்தில், உடலை வாங்க வருகிறவர்களுக்கென்று கூரையுள்ள ஓர் அறை, கழிப்பறை, குடிதண்ணீர், இரவிலும் தமிழ் தெரிந்த ஒருவர். அறிவிப்புப் பலகைகளிலும் ஒலிபெருக்கியிலும் தமிழ். இவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விடாமல், வரைபடம் போடும்போதே போடுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும், தமிழில். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். முடியும் என்றால் தேதியை மட்டும் தெரிவியுங்கள். கடலோர ஊர்களிலிருந்து ஆட்களைக் கூட்டத்துக்கு அழைத்து வர எங்கள் ஸ்டாண்டில் பதினாறு வண்டி இருக்கிறது. அன்றைக்கு யாரிடமும் வாடகை வாங்க மாட்டோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாடகை வண்டி ஓட்டுநர்
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்